பாடம் 14: எந்த சீட் யாருக்கு?

நீங்கள் கிரிக்கெட் பார்க்க மைதானத்துக்குப் போயிருக்கிறீர்களா? வாசலில் அப்பா போனைக் காட்டுவார். ‘பீப்’ என்று சத்தம் வரும். உங்க சீட் எதுன்னு அதிலேயே இருக்கும்.

முன்பு டிக்கெட் வாங்க நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். 1979-ல் ஆஸ்திரேலியாவில் டிக்கெட்டெக் என்ற கம்பெனி தொடங்கியது. பிறகு டிக்கெட் விற்பனை கம்ப்யூட்டருக்கு மாறியது. எந்த சீட் காலி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்காது.

மைதானத்தில் கண்ணாடி அறைகளும் உண்டு. கம்பெனிகள் அவற்றை வாடகைக்கு எடுத்து, விருந்தினரை அழைத்துச் சாப்பாடு போடும். அது தப்பில்லை. ஆனால் நல்ல சீட் எல்லாம் பணக்காரர்களுக்கே போனால்?

2000-ல் சிட்னியில் ஒலிம்பிக் நடந்தது. அதிகப் பணம் கொடுப்பவர்களுக்காகப் பல நல்ல சீட்டுகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1999-ல் இது வெளியே தெரிந்தது. “எங்களுக்கு ஏன் சொல்லல?” என்று மக்கள் கோபப்பட்டார்கள்.

சிலர் டிக்கெட்டை வாங்கி அதிக விலைக்கு விற்பார்கள். அதைத் தடுக்க, 2018-ல் நியூ சவுத் வேல்ஸில் ஒரு சட்டம் வந்தது. வாங்கிய விலைக்கு மேல் 10 சதவீதம்தான் கூட்டலாம்.

சொற்கள்: வரிசை, விருந்தினர், ஒதுக்கு, சட்டம்

பயிற்சி
1. 100 டாலர் டிக்கெட்டை அதிகபட்சம் எவ்வளவுக்கு விற்கலாம்?
2. ஒரே ஒரு நல்ல சீட் மிச்சம். வரிசையில் முதலில் நின்றவருக்கா, அதிகப் பணம் தருபவருக்கா? வீட்டில் தமிழில் பேசிப் பாருங்க!