தம்பியின் கணையமும் உங்கள் ரத்தமும்



தம்பியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கணையம் முழுக்க நீர்க்கட்டிகள்' என்று படித்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தத்தையும் வெட்டி எடுத்துவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். வேண்டாம்.

தம்பிக்கு இருப்பது வான் ஹிப்பல்-லிண்டாவ், பல உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய். அதில் கணைய நீர்க்கட்டிகள் சர்வ சாதாரணம். இந்த நீர்க்கட்டிகள் புற்றுநோய் ஆவது மிக அரிது. பித்தக் குழாயை அழுத்தினாலோ, கணையத்தின் நல்ல திசுவை விழுங்கிவிட்டாலோதான் தொந்தரவு. மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா, எடை குறைகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சாப்பாட்டோடு விழுங்கும் என்சைம் மாத்திரை இருக்கிறது. சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது திடமான கட்டிகளை, அதாவது நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை. அவையும் சிறிதாக இருந்தால் ஸ்கேனில் கண்காணித்தாலே போதும். 3 செ.மீ.யை எட்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, மரபணுப் பிழை எக்ஸான் 3 பகுதியில் இருந்தாலோ அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். கணையத்தை முழுதாக எடுத்தால் வாழ்நாள் முழுக்க இன்சுலின். இந்த நோய்க்காரருக்குச் சிறுநீரகம், மூளை, கண் என்று இன்னும் எத்தனையோ கணக்குகள் பாக்கி. வீட்டில் எல்லாரும் கணையத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடச் சிறுநீரகத்தை நினைத்துத்தான் பயம்.

எந்த ஆபரேஷனாக இருந்தாலும், அதற்கு முன் அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மெட்டாநெஃப்ரின் என்ற ரத்த அல்லது சிறுநீர்ப் பரிசோதனை போதும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். இதை மட்டும் விடாப்பிடியாக வற்புறுத்துங்கள்.

பெல்ஸுடிஃபான் என்ற மாத்திரைக்கு 2021 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடனடி அறுவை தேவைப்படாத கட்டிகளுக்கு அது. அந்த மாத்திரைக்கு அடித்தளமாக, இந்த நோயின் மரபணுவுக்கும் செல்கள் ஆக்ஸிஜனை உணரும் விதத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர் வில்லியம் கேலின் என்ற விஞ்ஞானி. அந்த ஆக்ஸிஜன் ஆய்வுக்குத்தான் 2019-இல் மேலும் இருவரோடு நோபல் பெற்றார். மாத்திரை ரத்தசோகை தரும், ஆக்ஸிஜனைக் குறைக்கும். கருவுக்கு ஆகவே ஆகாது.

இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது பரம்பரையில் யாருக்கும் இல்லாமலே தோன்றும். தம்பிக்குப் பெற்றோர் வழியாக வந்திருந்தால், உங்களுக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு. இரண்டு பக்கக் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்களும் போய் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.