கூரை தாழும் இடம்

மூக்கு, சைனஸ் அறுவைக்கு எண்டோஸ்கோப்பைக் கையில் எடுக்கப்போகும் பி.ஜி. தம்பி, தங்கைகளுக்கு,

1. ரிப்போர்ட்டைப் படித்தால் போதாது. சி.டி. படத்தை நீங்களே பாருங்கள். கொரோனல் வெட்டில் கிரிப்ரிஃபார்ம் தட்டு எத்மாய்டு கூரையைவிட எவ்வளவு பள்ளத்தில் கிடக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். 1962இல் கெரோஸ் வகுத்த கணக்கே இன்றும் கைகொடுக்கிறது: 1–3 மி.மீ., 4–7, 8–16. பள்ளம் கூடினால் அதன் பக்கச்சுவரும் உயரும். அந்த எலும்பு சில இடங்களில் 0.05 மி.மீ.தான், முட்டை ஓடு அதைவிடத் தடிமன். முன் எத்மாய்டு தமனி நுழையும் இடம்தான் மிக மோசம்.

2. மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் போயிருக்கிறீர்களா? நிமிர்ந்து நின்றவர் இரண்டடி நகர்ந்தால் தலை இடிக்கும். எத்மாய்டு கூரையும் பின்னால் போகப் போகத் தாழும். மூக்கின் நடுச்சுவர்ப் பக்கமும் தாழும். சந்தேகம் வந்தால் ஸ்பீனாய்டைத் திறந்து, அதன் கூரையைக் கண்ணால் பார்த்துவிட்டு, அங்கிருந்து முன்னோக்கி வாருங்கள்.

3. மிடில் டர்பினேட்டை முறுக்காதீர்கள். அதன் வேர் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்.

4. ரத்தத்தில் படம் மங்கினால் நிறுத்துங்கள். தலைமாட்டை உயர்த்தி, அட்ரினலின் பஞ்சு வைத்துக் காத்திருங்கள். டிப்ரைடரின் வாய் தெரியாதபோது மிதியில் கால் வேண்டாம். 2021இல் கறுப்புப் பூஞ்சை எலும்பையே அரித்தபோது, பழகிய கைகளுக்கும் வழி தெரியவில்லை.

5. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பாலிப்பை இழுத்தேன். ரத்தத்தின் நடுவே தெளிந்த கோடு ஒன்று ஓடியது. கழுவிய சலைன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஞ்சை அடைத்துவிட்டு வெளியே வந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், தலைவலி. அறுவை நடந்த அன்றே, அதே மேசையில், தொடையிலிருந்து எடுத்த திசுப்படலத்தை வைத்து அடைத்திருக்கலாம். மூளையுறை கிழிந்தால் உரக்கச் சொல்லுங்கள்: மயக்க மருத்துவரிடம், சீனியரிடம், பிறகு வீட்டாரிடம். வீட்டாரிடம் சொல்வதுதான் கடினம்.

6. கடலோரத்து நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆனதும் கடலில் இறங்கத் துடிப்பார்கள். முழுக்குப் போட வேண்டாம், மூக்கைச் சிந்த வேண்டாம், தும்மினால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். திரும்பி வந்து, “உப்புத் தண்ணி எறங்குது டாக்டர், கடல்தண்ணிதான்” என்பார்கள். கடல்தண்ணி ஒரு நாளில் வடிந்துவிடும். நாள்கணக்கில், குனிந்தால் ஒரே பக்கம் சொட்டுகிறதென்றால், அது மூளை நீரா என்று அறிய, குப்பியில் பிடித்து பீட்டா-2 ட்ரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்புங்கள்.