வயலை விற்றால் வாய்க்காலும் போகும்!



இந்த மாதப் பாடத்தை ஒரு கடனில் இருந்து தொடங்குகிறோம். நமது குழு ஒன்றில் ஒரு சகோதரி, மகளுக்கு மூன்று சென்ட் மனை வாங்க வேண்டும் என்று உள்கடன் எடுத்து முன்பணம் கட்டினார். பத்திரம் பதியப் போனபோதுதான் தெரிந்தது, அந்த மனைக்கு அனுமதியே இல்லை. கட்டிய பணம் திரும்பவில்லை. கடன் தவணையை மட்டும் மாதா மாதம் கட்டி வருகிறார். அந்த மனை இருந்த இடம், போன வருஷம் வரை நம் பெண்கள் நடவு நட்ட வயல்!

நாம் இழப்பது என்ன?

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள். இவற்றால் சுமார் 86,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. காரும் பிசானமும் விளைவது இந்தத் தண்ணீரில்தான். கால்வாயில் இருந்து குளம், குளத்து மடையில் இருந்து வாய்க்கால், வாய்க்காலில் இருந்து வயல் என்று எல்லாம் சங்கிலி போல இணைந்தது. நடுவில் ஒரு வயலில் மண் அடித்து மேடாக்கினால் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகாது. "மடைய மூடிட்டாவ, பெறகு தண்ணி எப்படிக்கா வரும்?" என்று ஒரு அக்கா கேட்டார். தரிசாகப் போட்ட அந்த வயலையும் அடுத்த வருஷம் விற்றுவிடுவார்கள். இப்படித்தான் ஒரு வயல் பத்து வயலாகிறது.

நிலம் விற்றவருக்குப் பணம் வரும். நடவு, களையெடுப்பு, அறுப்புக் கூலியை நம்பிய நமக்கு என்ன வரும்? ஆட்டுக்குப் புல், மாட்டுக்கு வைக்கோல், வரப்புக் கீரை எல்லாமே போய்விடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லை ஜங்ஷன் பகுதி மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தனை மழைக்கு வெள்ளம் வரத்தான் செய்யும். ஆனால் குளமும் வாய்க்காலும் அடைபட்ட இடத்தில் தண்ணீர் வடிய வழி ஏது?

சட்டம் என்ன சொல்கிறது?

வீடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நமக்கும் வீடு வேண்டும். எந்த இடத்தில், எந்த முறையில் என்பதுதான் கேள்வி.

* 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ல் வந்த வரன்முறை விதிகளிலும் நீர்நிலையில் போட்ட மனைகளுக்கு இடம் இல்லை.
* மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அனுமதி வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று சொன்னால் அது போதாது.
* 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பூங்காவும் விளையாட்டு இடமும் அதில்தான் வரும்.
* குளம், மேய்ச்சல் நிலம் போன்ற ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நாம் செய்ய வேண்டியது

1. சர்வே எண்ணைக் கேளுங்கள். இ-சேவை மையத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நன்செய்யா, புன்செய்யா, வாய்க்கால் புறம்போக்கா என்பது அதில் இருக்கும்.
2. புல வரைபடத்தில் வாய்க்காலும் பாதையும் எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு நேரில் போய் ஒப்பிடுங்கள்.
3. டி.டி.சி.பி. அனுமதி எண்ணையும், அனுமதித்த வரைபடத்தையும் கேளுங்கள். பூங்கா என்று காட்டிய இடம் காலியாக இருக்கிறதா, அங்கேயும் மனை விற்கிறார்களா?
4. பதில் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.
5. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவாகப் போய் உட்காருங்கள். வாய்க்காலை அளந்து கல் ஊன்ற வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மானம் மட்டுமே வேலையை நிறுத்திவிடாது. ஆனால் அதன் நகலை இணைத்து ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும்போது அதற்குத் தனி பலம் உண்டு.

ஒருவராகப் போய்ப் பேசினால் மிரட்டல் வரலாம். இருபது பேராகப் போங்கள், எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

குழுவில் பேசுவோம்

* நம் ஊரில் பத்து வருஷத்துக்கு முன் எத்தனை வயல் இருந்தது? இப்போது எத்தனை?
* மூடிக் கிடக்கும் மடை, வாய்க்கால் எவை? பெயரோடு பட்டியல் போடுவோம்.
* மனை வாங்கக் கடன் கேட்டால், முதல் மூன்று விவரங்களையும் சரிபார்த்த பிறகே கொடுப்பது என்று தீர்மானம் எழுதலாமா?

அந்தச் சகோதரி இந்தப் பாடத்தை எழுதச் சொன்னபோது ஒன்று சொன்னார்: "நான் கேக்காம விட்டுட்டேன். மத்தவங்களாவது கேக்கட்டும்."

கேட்போம், சகோதரிகளே! அடுத்த கூட்டத்துக்குப் பட்டியலோடு வாருங்கள்.