கடைக் கணக்கு நிற்காமல் ஓட எத்தனை கம்பியூட்டர்?

திருகோணமலை நகரில் கடை, கிண்ணியாவில் கிளை, மூதூரில் களஞ்சியம் என்று வியாபாரம் செய்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் இது இன்னும் இலகுவாகிவிட்டது. ஆனால் மூன்று இடத்துக் கணக்கும் ஒரே கம்பியூட்டரில் இருந்தால், அது படுத்த நிமிடமே மூன்று கல்லாவும் படுத்துவிடும். பெருநாளைக்கு முதல் நாள் அப்படி நடந்தால் எப்படி இருக்கும்?

இதற்கு வழி கிளஸ்டர். பல கம்பியூட்டர்கள் சேர்ந்து ஒரே கணக்கை வைத்திருக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை வேலையைத் தொடரும்.

"இரண்டு போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. நடுவில் லைன் அறுந்தால் நகரத்து மெஷின், கிண்ணியா மெஷின் செத்துவிட்டது என்று நினைக்கும். கிண்ணியா மெஷினும் அப்படியே நினைக்கும். இரண்டும் தாமே முதலாளி என்று எழுதத் தொடங்கினால், களஞ்சியத்தில் இருக்கும் அதே 50 மூடை சீமெந்தை இரண்டு கடையும் விற்றுவிடும். பெரிய கம்பனிகளும் இதற்குத் தப்பவில்லை. 2018 ஒக்டோபர் 21இல் கிட்ஹப் நிறுவனத்துக்கு அமெரிக்கக் கிழக்குக் கரையில் வெறும் 43 வினாடி தொடர்பு அறுந்தது. பொறுப்பு மேற்குக் கரைக்கு மாறியது. ஒரு கரையில் பதிந்தது மறு கரையில் இல்லை. நிலைமையைச் சீராக்க 24 மணி 11 நிமிடம் எடுத்தது.

ஆகவே மூன்று வேண்டும். மூன்றில் இரண்டு ஒன்றையொன்று பார்த்தால் அவை எழுதலாம். தனித்துப்போனது எழுதாமல் நின்றுவிடும். அந்தக் கடையில் சற்று நேரம் கையால் பில் போடட்டும், கணக்காவது கெடாது. கலேரா என்ற இலவச முறையில் மூன்றாவது மெஷின் கணக்கை வைத்திருக்கவே தேவையில்லை, வாக்கு மட்டும் போடலாம். அதற்கு ஒரு சாதாரணக் கம்பியூட்டர் போதும். ஆனால் அதை நகரத்துக் கடையிலேயே வைக்காதீர்கள். அங்கு கரண்ட் போனால் இரண்டு வாக்கும் சேர்ந்து போய்விடும். மூதூரில் வையுங்கள்.

2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால்! அப்படி எல்லா மெஷினும் நின்றால், கடைசிப் பதிவு எதில் இருக்கிறது என்று பார்த்து அதையே முதலில் எழுப்ப வேண்டும். பழையதை முதலில் எழுப்பினால் இடையில் நடந்த விற்பனை அழிந்துபோகும்.

கிளஸ்டர் இருந்தாலும் பெக்கப் தனியாக வேண்டும். பையன் தவறுதலாகக் கடன்காரர் பட்டியலை அழித்தால், கணக்குள்ள எல்லா மெஷினிலும் அது உடனே அழியும். 2023 ஓகஸ்டில் அரசாங்க கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியபோது ஒன்லைனில் இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. வெளியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் போயின.

ஒரே கடை வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு வீண் என்பதே என் எண்ணம். ஒரு நல்ல கம்பியூட்டர், யூ.பி.எஸ்., இரவில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் டிஸ்க் போதும். மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கை வேறொரு கம்பியூட்டரில் போட்டு, கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள்.