முதல் ஸ்போர்ட்ஸ் பைக்கா? நெல் காயும் ரோட்டுக்கு 28 குறிப்புகள்

தஞ்சாவூர்ப் பக்கத்து ரோடு மாதத்துக்கு ஒரு வேஷம் போடும். ஆனியில் டிராக்டர் இறக்கிய சேறு, ஐப்பசியில் குறுவை நெல்லோடு மழை, மார்கழியில் பனி, தை, மாசியில் சம்பா நெல்லும் வைக்கோலும், பங்குனியில் உளுந்துச் செடி. ஸ்ப்ளெண்டரில் இதையெல்லாம் சமாளித்துப் பழகியவர்களுக்கும், குனிந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி புதுசுதான். கியரும் கிளட்சும் உங்களுக்குத் தெரியும். காசும் கை காலும் மிச்சமாகிற வழியை மட்டும் பார்ப்போம்.

1. ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் சும்மா ஏறி உட்காருங்க. ஆர்15 வண்டியின் சீட் உயரம் 815 மி.மீ., எடை 140 கிலோவுக்கு மேல். இரண்டு முன்பாதமும் தரையில் ஊன்றி, வண்டியைப் பின்னால் தள்ள முடிகிறதா என்று பாருங்க. முடியவில்லையா, கலர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் வண்டி இல்லை.

2. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் வருஷத்தைக் கேளுங்க. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் அது கிடையாது. இருக்கிறது என்று சொன்னால், சாவி போட்டதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்க.

3. ஹெல்மெட், கிளவுஸ், கணுக்காலை மூடும் ஷூ மூன்றையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்க. விழுகிறவர் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். சத்தம் போடும் சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பிவிட்டால் போலீஸ் அபராதமும் மிச்சம்.

4. ஹெல்மெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணையும் பாருங்க. பட்டையை மாட்டித் தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே நகரணும். ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடினால் ஒரு சைஸ் குறைத்து வாங்குங்க.

5. கியர் வண்டிக்கு 18 வயது ஆகணும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் எட்டுப் போடப் போக முடியும். அந்த ஒரு மாதத்தைப் பழகவே வைத்துக்கொள்ளுங்க. பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு: 2019-இல் திருத்திய சட்டப்படி மாட்டுவது பெற்றவர்கள்தான், 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும்.

6. புது வண்டிக்கு ஐந்து வருஷ இன்சூரன்ஸ் என்று நிம்மதியாக இருந்துவிடாதீங்க. அந்த ஐந்து வருஷம் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு; உங்கள் வண்டிக்கான பகுதி பெரும்பாலும் ஒரே வருஷத்தில் முடியும். முடிகிற தேதியை அடுக்களைக் காலண்டரில் குறித்து வையுங்க, 90 நாள் தாண்டினால் நோ கிளைம் போனஸும் போய்விடும்.

7. புது டயரில் ஒரு மினுமினுப்பு இருக்கும், பிடிப்பு இருக்காது. முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்கவே வேண்டாம். டயருக்கு பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கும் வாட்டர் சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

8. காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி சூடாகும் முன் பிடியுங்க. எவ்வளவு என்று ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பங்க் தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பார்.

9. பழக இடம் தேடுகிறீர்களா? அறுவடை இல்லாத மாதங்களில் ஊர் நெல் உலர்களம் சும்மாதான் கிடக்கும். ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தரையைப் பெருக்கிவிட்டு ஓட்டுங்க. முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால்: இப்படி நடக்கிற வேகத்தில் எட்டுப் போட வந்துவிட்டால் கீழவாசல் நெரிசலிலும் கால் ஊன்றாமல் போகலாம்.

10. அதே களத்தில் செங்கல் துண்டால் ஒரு கோடு கிழித்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பழகுங்க. முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டணும், கூடவே பின் பிரேக்கும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பின் பிரேக் மட்டும் போதும் என்று சொல்கிற மாமாக்களை நம்பாதீங்க.

11. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறதென்றால் ஹேண்டிலில் சாய்ந்து உட்காருகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு முழங்காலாலும் டேங்கைக் கவ்விப் பிடியுங்க, முழங்கையை இளக்குங்க. முதுகுப் பையில் லேப்டாப்பையும் டிபன் கேரியரையும் ஒன்றாக ஏற்றாதீங்க.

12. இந்த வண்டிகளின் ஹேண்டில் குறைவாகத்தான் திரும்பும். கீழ ராஜ வீதி மாதிரி இடத்தில் ஒரே மூச்சில் யூ டர்ன் அடிக்கப் பார்த்துச் சாய்த்தால் இண்டிகேட்டரும் பக்கவாட்டு பேனலும் போகும். இறங்கித் தள்ளித் திருப்புங்க. பேனல் விலை தெரிந்தால் வெட்கம் தானாகப் போய்விடும்.

13. கண்ணாடியில் பாதி உங்கள் முழங்கைதான் தெரியும். தடம் மாறும் முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பாருங்க, மினி பஸ் அங்கேதான் இருக்கும்.

14. இப்போது நெல். பாதி ரோட்டில் காய்கிற நெல்லை ஓரமாக ஒதுக்கிப் போனாலும், காற்றும் பஸ் டயரும் சிதறடித்த மணிகள் மீதிப் பாதியிலும் கிடக்கும். பரப்பு கண்ணில் பட்டதுமே, நெல்லுக்கு முன்னாலேயே, வேகத்தைக் குறைத்துவிடுங்க. மேலே ஏறிய பிறகு வண்டியை நிமிர்த்தி, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, நேராகப் போகணும்; பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். உதிரி மணியில் ஏ.பி.எஸ். இருந்தாலும் நிற்கிற தூரம் கூடத்தான் செய்யும்.

15. அந்த நெல்லுக்கு வேலி மாதிரி கருங்கல், பனைமட்டை, முள்ளுக்கிளை, சில இடத்தில் தண்ணீர்க் குடம்கூட வைத்திருப்பார்கள். பகலில் தெரியும், இருட்டினால் கருங்கல்லும் தார் ரோடும் ஒரே நிறம். அறுவடை மாதங்களில் கிராமத்து ரோட்டில் இரவில் 40-ஐத் தாண்டாதீங்க.

16. காலால் நெல்லைக் கிண்டிவிடுகிறவர்கள் பெரும்பாலும் ரோட்டுக்கு முதுகு காட்டித்தான் நடப்பார்கள். கிட்டே போய் ஹாரன் அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே ஒரு சின்ன ஹாரன் போதும்.

17. உளுந்துச் செடியையும் வைக்கோலையும் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்றே ரோட்டில் போடுவார்கள். லாரி மிதிக்கட்டும், நீங்கள் ஒதுங்குங்க. மிதித்தே ஆகவேண்டி வந்தால், தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, செயினிலும் சூடான சைலன்சர் பக்கத்திலும் வைக்கோல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்க. புகைந்து பற்றக்கூடியது அது.

18. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த வருஷமென்றால், அடுத்த சில வாரம் வயல் இறங்கும் இடமெல்லாம் ரோட்டில் சேறு. கேஜ் வீல் டிராக்டர் வயலை விட்டு ஏறிய தடத்தில் களிமண் கட்டி கட்டியாக விழுந்திருக்கும். காய்ந்தால் மேடு, ஒரு தூறல் போட்டால் வழுக்கல். வளைவில் அது தெரிந்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்க.

19. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற 13 கிலோமீட்டர் சொச்சத்தில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. பாலத்து ஏற்றத்தில் எதிரே வருவது தெரியாது, பாலம் சேருகிற இடத்தில் ஒரு தூக்கிப்போடல் வேறு. பாலத்தில் முந்துவதில்லை என்று ஒரு முடிவு எடுத்துவிட்டால் அந்த ரோட்டின் பாதி ஆபத்து குறைந்தது.

20. கல்லணைக் கால்வாய்க் கரை ரோட்டில் ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும், மரநிழலும் தண்ணீருமாக. தடுப்பில்லாத இடங்களில் ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் பள்ளம். எதிரே கார் வந்தால் மண்ணில் இறங்கி வழிவிடும் வித்தை இந்த டயருக்கு ஒத்துவராது. நின்று வழிவிடுங்க.

21. அறுவடை முடிந்த வயலுக்கு மேய்ச்சல் வாத்து வரும். முதல் வாத்து ரோட்டைக் கடந்தால் மீதி நூற்றுக்கணக்கும் கடந்துதான் தீரும். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்க, பெட்ரோலும் மிச்சம்.

22. ஐப்பசி, கார்த்திகைச் சாயங்காலத்தில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்குக்குப் படையெடுக்கும். கண்ணாடியை இறக்காமல் ஓட்டாதீங்க. வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட் கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நனைத்த பழைய காட்டன் துணியை ஐந்து நிமிஷம் மேலே போர்த்தி வையுங்க, ஒட்டின பூச்சி ஊறித் தானே கழன்றுவிடும். உள்துணிக்குக் குழந்தை ஷாம்பூ போதும்.

23. குருங்குளம் சர்க்கரை ஆலைப் பக்கம் அரவைக் காலத்தில் இரவில் போகிறீர்களா? கரும்பு டிரெய்லரில் பின்விளக்கு இருந்தாலும் தொங்குகிற தோகை அதை மறைத்துவிடும். 60-இல் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும், 80-இல் 22 மீட்டர். உங்கள் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் அந்த ரோட்டுக்கு வேகம்.

24. முதல் மழையில் ரோட்டு எண்ணெயெல்லாம் மேலே வரும். வெள்ளைக் கோடும் பாலத்து இரும்புப் பட்டையும் வழுக்கும். டீக்கடையில் கால் மணி நேரம் ஒதுங்கினால் ஒரு டீ செலவோடு போயிற்று.

25. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், சேற்றில் போய் வந்த அன்றும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்க. வண்டிப் புத்தகம் அனுமதித்தால் விலை கூடின ஸ்பிரே தேவையில்லை, 90 நம்பர் கியர் ஆயிலும் பழைய டூத் பிரஷும் போதும். சக்கரத்தைக் கையால்தான் சுற்றணும். எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் செயினைப் பிடித்தால் விரல் பல்சக்கரத்துக்குள் போகும், இதில் விளையாட்டே கூடாது.

26. பின் சீட்டு உயரம், பிடிக்க ஒன்றும் இருக்காது. அம்மாவையும் அரிசி மூட்டையையும் ஏற்ற எக்ஸ்.எல். இருக்கிறதே, அதை விற்றுவிடாதீங்க. யாராவது பின்னால் உட்கார்ந்தே ஆகணுமென்றால் அவருக்கும் ஹெல்மெட், துப்பட்டாவும் தலைப்பும் இடுப்பில் செருகியபடி.

27. 108 எண்ணோடு இன்னொன்றையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்க. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் வரம்புக்குட்பட்டு அரசு செலவில் நடக்கும். அடிபட்டவர் பக்கத்தில் நின்று பணத்துக்கு யோசிக்க வேண்டாம்.

28. கடைசியாக, நெல் காய வைக்கிற வீட்டாருக்கும் ஒன்று. சாயங்காலம் நெல்லைச் சாக்கில் அள்ளிக் கட்டியதும், வேலிக்கு வைத்த கல்லையும் கையோடு ரோட்டைவிட்டு உருட்டிவிடுங்க. இருட்டில் அந்த வழியாக வருவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.