மின்விசிறிக் காற்றும் சுடுமா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. இப்போது இடது கையும் காலும் தீப்பட்டதுபோல் எரிகிறது என்கிறார். மின்விசிறிக் காற்றுப் பட்டாலே துடிக்கிறார். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லையாம். மனப்பிரமையா?

பதில்: இல்லை, அந்த வலி நிஜம். முதலில் அவரை நம்புங்கள். பாதி நிம்மதி அதிலேயே கிடைக்கும்.

தொடுதல், சூடு, குளிர் போன்ற உணர்வுகள் மூளையின் தலாமஸ் என்ற பகுதி வழியாகச் செல்கின்றன. பக்கவாதம் அந்தப் பாதையைச் சிதைத்தால், காயமே இல்லாத இடத்திலும் மூளை வலியை உணரும். பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் தெஜெரின், ரூஸி 1906-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்து வாரங்கள், மாதங்கள் கழித்தும் இந்த வலி தொடங்கலாம்.

பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் கேட்காது. கடையில் வாங்கி அடுக்காதீர்கள். கல்லீரலும் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். நரம்பியல் மருத்துவர் அமிட்ரிப்டிலின், லாமோட்ரிஜின், பிரிகாபலின் போன்றவற்றில் ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்குவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதயக் கோளாறோ சிறுநீர் அடைப்போ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது. வலி முழுதாகப் போகாமல் இருக்கலாம். இரவுத் தூக்கம் திரும்பினாலே பெரிய வெற்றி.

தோளையும் பார்க்கச் சொல்லுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதால் வரும் தோள்வலி வேறு. அதற்கு இயன்முறைச் சிகிச்சை உதவும். உணர்வு குறைந்த கையில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், கொப்புளித்தாலும் தெரியாது. குளிர்ந்த நீரும் வலியைத் தூண்டலாம். உரசாத பருத்தித் துணி போடுங்கள்.