பழைய படங்களைப் பழுதின்றிக் காப்போம்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை:

நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் பழைய புகைப்படங்கள் சில உண்டு. தாத்தா பாட்டியின் திருமணப் படமும், பெற்றோரின் பள்ளிக் குழுப்படமும் நம் குடும்பத்தின் வரலாறு அல்லவா? ஒளியாலும் ஈரக் காற்றாலும் அவை மங்கி வருகின்றன. அவற்றைக் கணிப்பொறியில் பதிந்து காக்க ஸ்கேனர் உதவுகின்றது. ஆனால், எந்தத் திருத்தம் வேண்டும் என்று அக்கருவி ஒரு பட்டியலையும் நம்முன் வைக்கின்றது. அனைத்தையும் தேர்ந்தெடுத்தால் படம் அழகாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியா என்று காண்போம்.

கருவி திருத்தும் முறை:

ஸ்கேனர் படத்தைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒளியையும் எண்ணாக மாற்றுகின்றது. சாதாரணமாக 0 என்பது முழுக் கருமை. 255 என்பது முழு வெண்மை. தானியங்கித் திருத்தம் இவ்வெண்களைக் கூட்டியும் குறைத்தும் படத்தைப் பளிச்சென்று ஆக்குகின்றது.

வெண்பட்டு உடுத்திய மணமகளின் படத்தை எடுத்துக்கொள்வோம். பட்டின் மடிப்பு 240 ஆகவும், அருகிலுள்ள வெண்மை 250 ஆகவும் இருக்கலாம். திருத்தம் இரண்டையும் 255 ஆக உயர்த்திவிட்டால் மடிப்பு மறைந்துவிடும். பின்னர் எவ்வளவு கருமையாக்கினாலும் அது திரும்பாது. குழம்பில் உப்புக் குறைந்தால் சேர்க்கலாம். கூடிவிட்டால் எடுக்க முடியுமா?

எந்தப் படத்திற்கு எது?

1. மங்கிய வண்ணப் படம்: வண்ணப் படத்திலுள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஆகவே 1970களில் எடுத்த படங்கள் பல இன்று சிவந்து காணப்படுகின்றன. இவற்றிற்குக் ‘கலர் ரெஸ்டோரேஷன்’ என்னும் நிற மீட்பு ஏற்றது. மாலைச் சூரியனின் படத்திற்கு அது வேண்டாம்; இயற்கைச் செம்மையையும் குறை என்று கருதி நீக்கிவிடக்கூடும்.

2. கறுப்பு வெள்ளைப் படம்: இதையும் வண்ண முறையிலேயே பதிவது நலம். அக்கால ஸ்டூடியோக்களில் கன்னத்திற்கும் சேலைக் கரைக்கும் கையால் வண்ணம் தீட்டுவது உண்டு. சாம்பல் நிற முறையில் பதிந்தால் அக்கைவண்ணம் அழிந்துபோகும்.

3. செய்தித்தாள் படம்: இது மைப்புள்ளிகளால் ஆனது. அப்படியே பதிந்தால் அலையலையான கோடுகள் தோன்றலாம். ‘டீஸ்கிரீனிங்’ அவற்றைக் குறைக்கும். உண்மைப் புகைப்படத்திற்கு இதைத் தேர்ந்தெடுத்தால் படம் தெளிவு குன்றும்.

4. தூசி நீக்கம்: சிறு புள்ளிகளைக் கருவி தூசி என்று ஊகிக்கின்றது. பாட்டியின் மூக்குத்தியும் நெற்றிப் பொட்டும்கூட அதற்குத் தூசியாகத் தோன்றலாம்! பிலிம் சுருளுக்கு அகச்சிவப்புக் கதிரால் தூசியை அறியும் முறை உண்டு. வண்ணப் பிலிமின் சாயங்கள் பெரும்பாலும் அக்கதிரை விடுகின்றன, தூசி தடுக்கின்றது. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிலிமிலோ படமே வெள்ளித் துகள்களால் ஆனது. அவையும் கதிரைத் தடுப்பதால் இம்முறை அதற்குப் பயன்படாது. முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் துடைப்பதே மேல்.

நாம் செய்ய வேண்டுவன:

ஒவ்வொரு படத்திற்கும் இரு பிரதிகள் வேண்டும். முதற் பிரதியைத் திருத்தம் ஏதுமின்றி, ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளி என்னும் அளவில், ‘டிஃப்’ கோப்பாகச் சேமிப்போம். இவ்வளவில் பதிந்தால் படத்தை இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் அங்குலத்திற்கு 300 புள்ளி கிடைக்கும். அதை நகலெடுத்து, நகலில் மட்டும் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம். படத்தில் இருப்போர் பெயரையும் ஆண்டையும் பெரியோரிடம் கேட்டு எழுதிவைப்போம். அதை ஸ்கேனரால் அறிய இயலாது.

முடிவுரை:

கருவி விரைவாக வேலை செய்யும். படத்தில் எது குறை, எது நினைவு என்று அறிபவர் நாமே. ஆகவே தோழியரே, தேர்ந்தெடுக்கும் முன் படத்தை ஒருமுறை உற்று நோக்குவோம். பதிந்த பின்னும் மூலப்படத்தை எறியாமல், ஒளியும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, நமக்குப் பின் வருவோர்க்கும் அளிப்போமாக!